ஃப்ரீமேன்டிலில் கண்ட ‘ஸாந்தோ’ கப்பலின் எந்திரம்

மூழ்கிய கப்பல்களைப் பார்த்த அனுபவங்களைப் பலரும் சொல்லிவருவதால், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் நகரக் கப்பற்சேத அருங்காட்சியகத்தில் நான் கண்ட ‘ஸாந்தோ’ என்ற நீராவிக் கப்பலின் எந்திரத்தைப் பற்றி எழுதுகிறேன். கப்பல் எந்திர அறையில் வேலை பார்ப்பவன் என்பதால், அதைவிட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

1848-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் டென்னி குடும்பத்தார் கட்டிய அந்த இரும்புக் கப்பல், துடுப்புச் சக்கரங்களோடு அந்நாட்டுக் கரையோரத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடியது. 1871-இல் கிளாஸ்கோவின் பழைய இரும்பு வணிகர் ஒருவர், சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கடற்படைப் பீரங்கிப் படகுகளுக்கென ஜான் பென் நிறுவனம் 1861-இல் செய்த எந்திரமொன்றைப் பொருத்தினார். அப்படி ஒட்டுப்போட்ட கப்பலை வாங்கிய சார்லஸ் எட்வர்ட் பிராட்ஹர்ஸ்ட், முத்துக்குளிப்புக்கும் சரக்கு ஏற்றவும் அதை மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்றார்.

எந்திரத்தின் பிஸ்டனோடு உள்ளீடற்ற தடித்த குழாய் ஒன்று சேர்ந்திருக்கிறது. பிஸ்டனின் அசைவைச் சுழல்தண்டுக்குக் கொண்டுசெல்லும் இணைப்புத் தண்டு அக்குழாய்க்குள்ளேயே இயங்குவதால், எந்திரம் முழுவதும் குட்டையாக, நீர்மட்டத்துக்குக் கீழே படுத்துக் கிடக்கும், எதிரியின் குண்டு எளிதில் எட்டாது. ஆனால் அதில் நீராவியை மீண்டும் நீராக்கும் குளிர்கலம் இல்லை. வெளியேறிய நீராவிக்கு ஈடாகக் கடல்நீரையே கொதிகலனுக்கு ஊட்ட வேண்டும், உப்பும் படிந்துகொண்டே போகும். நிலக்கரியும் பட்டறையும் அரிதான அந்த நீண்ட கரையில் இப்படியொரு எந்திரத்தை நம்பித் தொழில் நடத்தியது பெருந்துணிச்சல் என்றே நான் கருதுகிறேன்.

1872 நவம்பரில் அக்கரையிலுள்ள போர்ட் கிரிகரி துறைமுகத்தில் ஈயத் தாதுவை ஏற்றிப் புறப்பட்ட கப்பலில் நீர் புகுந்தது. துறைமுகத்துக்கே திரும்பியபோது மணல்திட்டில் தட்டி, ஆழமற்ற நீரில் அமிழ்ந்தது. 1979-இல் தன்னார்வ மூழ்காளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். கடல்சார் தொல்லியலாளர் மைக்கேல் மெக்கார்த்தி தலைமையிலான குழுவினர், அரிப்பைக் கட்டுப்படுத்தத் தன்னையே கரைத்துக்கொள்ளும் உலோகக் கட்டிகளை எந்திரத்தோடு இணைத்துவிட்டு, 1985-இல் அதை மேலே தூக்கினார்கள். இறுகிப்போன கடற்படிவைச் செதுக்கி, உப்பை நீக்கி, பாகம் பாகமாகப் பிரித்தெடுக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தப் பொறுமையின் பலனாக, இன்று அதைக் கையால் சுழற்ற முடிகிறது. அங்கே செல்பவர்கள் குழாயின் வாய்ப்பக்கம் சென்று, உள்ளே தண்டு இணைந்திருக்கும் இடத்தைக் கட்டாயம் எட்டிப் பாருங்கள்.