பிரஸாய் இரவில் எப்படிப் படம் எடுத்தார்?

ராக்கோழி:
ரெண்டு நாளாக புகைப்படக்காரர் பிரஸாயின் பாரிஸ் இரவுப் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் 1930களின் தொடக்கத்தில் எடுத்தவை, கண்ணாடித் தகடு செருகும் கேமரா, இப்போதுபோல ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றும் வசதியெல்லாம் கிடையாது. நான் தெருவிளக்கை எடுத்தால் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு, சுற்றிலும் கரி. அவர் படத்தில் நனைந்த தெருவின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிகிறது. எப்படி? அப்புறம், மதுக்கடையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஜோடிகள் கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லையே, ஒளிந்திருந்து எடுத்தாரா?

பழைய ரோல்:
சிகரெட்தான் அவருக்குக் கடிகாரம். ஷட்டரைத் திறந்துவிட்டுப் பற்றவைப்பார், ஓரளவு வெளிச்சம் இருந்தால் ஒரு கோல்வாஸ் சிகரெட், கும்மிருட்டு என்றால் இன்னும் நேரம் பிடிக்கும் தடியான போயார், அது தீர்ந்ததும் ஷட்டரை மூடிவிடுவார். தொப்பி, கனத்த கோட்டு, வாயில் சிகரெட் என்று முக்காலி பக்கத்தில் நிற்கும் அவருடைய சுயபடம்கூட உண்டு, தேடிப் பாருங்கள். விளக்கு விஷயம் எளிது. மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் விளக்கு மறையும்படி நின்றுகொள்வார். பனிமூட்டமும் மழையும் அவருக்குப் பிடித்த வானிலை, மூட்டம் வெளிச்சத்தைப் பரப்பும், ஈரத்தரை அதை மேலே திருப்பிவிடும்.

நிழல்குடை:
ஒளிந்திருந்தா? உள்ளே எடுக்கும்போது ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு மக்னீசியம் பொடியைக் கொளுத்த வேண்டும், டப்பென்று சத்தம், கூடவே புகை. இதை வைத்துத்தான் ஓவியர் பிகாசோ அவரைப் 'பயங்கரவாதி' என்று கேலி செய்தார். அதனால் அந்த ஜோடிகளுக்கு எல்லாம் தெரியும். முதலில் பேசிப் பழகுவார், பிறகு அசையாமல் இருக்கச் சொல்வார், சில படங்களில் நண்பர்களையே நிற்க வைத்திருக்கிறார். இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ரவுடிக் கும்பல் ஒன்றைக் காசு கொடுத்துப் படம் எடுத்தார், அவர்கள் அவருடைய பர்ஸையும் அடித்துவிட்டார்கள், அவர் போலீசுக்குப் போகவில்லை. அந்த அளவுக்கு உள்ளே போனவர்.

பழைய ரோல்:
இன்னொன்று, 1932இல் வந்த 'இரவின் பாரிஸ்' புத்தகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். விபசார விடுதி, அபின் அறை, ஆண்கள் பெண் வேடத்தில் ஆடிய நடனக்கூடம் போன்ற படங்கள் பெரும்பாலும் 1976இல்தான் தனிப் புத்தகமாக வந்தன, அப்போது அவருக்கு 77 வயது இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் கனமான புத்தகம். ஆளின் இயற்பெயர் ஹலாஸ் ஜூலா, பிறந்த ஊர் இன்றைய ருமேனியாவில் உள்ள பிராஸோ, அதிலிருந்து வந்த புனைபெயர்தான் பிரஸாய். 1924இல் பாரிசுக்கு வந்து, பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டு, பொழுது சாயும்போது எழுந்து விடிந்தால் தூங்கப் போன ஆள். ஆரம்பத்தில் புகைப்படம் என்றாலே அவருக்கு இளக்காரம், அதுதான் வேடிக்கை.

ராக்கோழி:
நன்றி. நான் சிகரெட் பிடிப்பதில்லை. இன்றைக்கு முக்காலியோடு போய் ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கிறேன்.

நிழல்குடை:
ஊதுபத்தி அரை மணி நேரம் எரியுமே ஐயா, தெருவே வெள்ளையாகிவிடும். மனசுக்குள் எண்ணுங்கள், போதும்.