புதுப்பிப்பு: சுற்றுச்சூழல் சட்ட வேலைக்குப் போய்விட்டேன்

போன வருஷம் இதே இழையில் கேட்டிருந்தேன்: சிவில் வழக்குகளை விட்டுவிட்டு, தொழில் நிறுவனங்களுக்குச் சுற்றுச்சூழல் சட்ட ஆலோசனை சொல்லும் வேலைக்குப் போகலாமா என்று. போய்விட்டேன். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இப்போது இருப்பது திருப்பூரில். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர். சட்டம் என்றாலே பூட்டுப் போட வருகிறார்கள் என்ற பயம் பட்டறைக்காரர்களிடம் இன்னும் இருக்கிறது, அது நியாயமும்கூட. ஒரு பட்டறையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையில் (பட்டறை இயங்குவதற்கான அனுமதி) இருந்த கழிவுநீர் அளவும் மீட்டர் பதிவேடும் பொருந்தவே இல்லை. "எப்பவுமே இப்படித்தானுங்க சார்" என்றார் மேலாளர். விடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். உற்பத்தியைக் கூட்டியவர்கள் இசைவாணையைத் திருத்தி வாங்கவில்லை. இப்போது விண்ணப்பித்திருக்கிறோம்.

"பொருளாதாரத் தடைச் சட்டமும் படி" என்று, அதாவது யாரோடு வியாபாரம் செய்யக்கூடாது என்று அரசுகள் போடும் தடைகளைப் பற்றி, இங்கே ஒரு அக்கா சொன்னதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. தப்பு. ஏற்றுமதி ஊரில் அது இல்லாமல் ஆகாது. அமெரிக்க விதிப்படி, தடைப்பட்டியலில் உள்ளவர்கள் சேர்ந்து 50 சதவீதப் பங்கோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், தன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் தடைக்குள் வந்துவிடும். பிரிட்டனில் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ஆனால் நிறுவனம் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். ஆகவே வாங்குபவரின் பெயரை மட்டும் தேடிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், பங்குதாரர்கள் யார் என்று எழுத்தில் கேளுங்கள். சரக்கு கப்பலேறிய பிறகு கேட்டால் பணம் வங்கியிலேயே நின்றுவிடும்.