மறு: கன்சர்வேட்டிவ் – பழமைவாதமா, பேணலா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். 'கன்சர்வேட்டிவ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் 'பழமைவாதம்' என்பதற்குப் பதிலாகப் 'பேணு' என்ற வினையிலிருந்து பெயர்க்கலாமா என்று கேட்டிருந்தேன். வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> 'பழமைவாதம்' நாளிதழ்களில் வேரூன்றிவிட்ட சொல். அதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, பரோயே தீவுகளின் கட்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட நகரவில்லை. அதனால்தான் கேட்டேன்.

பதினெட்டுத் தீவுகள், ஐம்பதாயிரத்துச் சொச்சம் மக்கள். டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்டவை, ஆனால் 1948 முதல் தன்னாட்சி. நாடாளுமன்றத்தில் 33 இடங்கள். அங்கே மீஃப்லொக்குரின் என்று ஒரு சின்னக் கட்சி இருக்கிறது. 2019 தேர்தலில் அதற்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஆனால் அப்போது அமைந்த மூன்று கட்சிக் கூட்டணிக்கு மொத்தமே 17 இடங்கள்தான். அந்த இரண்டு இல்லையென்றால் ஆட்சி இல்லை. கட்சித் தலைவர் யெனிஸ் அவ் ரானா வெளியுறவு அமைச்சரானார். 2022 நவம்பரில் தலைமை அமைச்சர் அவரைப் பதவிநீக்கம் செய்ததும் பெரும்பான்மை போனது. டிசம்பரில் தேர்தல் வந்தது, மறுபடியும் அதே இரண்டு இடங்கள்.

'மீ' என்றால் நடு, 'ஃப்லொக்குர்' கட்சி. அப்படியே 'மையக் கட்சி' என்று பெயர்த்தால் இடதுக்கும் வலதுக்கும் நடுவே நிற்கும் கட்சி என்றுதான் வாசகர் நினைப்பார். ஆனால் சமூகக் கேள்விகளில் அந்தத் தீவுகளிலேயே மிகவும் வலப்பக்கம் நிற்பது இதுதான். ஒருபால் திருமணத்தை எதிர்த்தார்கள், கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்துவதையும் எதிர்த்தார்கள். 2010இல் ஐஸ்லாந்தின் பெண் பிரதமர் தம் மனைவியோடு வந்திருந்தபோது, அவர்களுக்கு அளித்த விருந்துக்குப் போக யெனிஸ் அவ் ரானா மறுத்தார். எனவே பெயரை ஒலிபெயர்ப்பாக வைத்து, பக்கத்தில் ஒரு விளக்கச் சொல் தரலாம் என்று முடிவு செய்தேன். அந்த விளக்கச் சொல்தான் கிடைக்கவில்லை.

சரி, 'பழமைவாதக் கட்சி' என்று போட்டுப் பார்த்தேன். உடனே அடுத்த சிக்கல் வந்தது. அதே கூட்டணியில் இருந்த மற்ற இரண்டு கட்சிகளையும் ஆங்கில ஏடுகள் கன்சர்வேட்டிவ் என்றே எழுதுகின்றன. ஒன்று 1906இல் தோன்றிய ஒன்றியக் கட்சி. டென்மார்க்கோடு உள்ள பிணைப்பு நீடிக்க வேண்டும் என்பது அதன் உயிர்க்கொள்கை. (பரோயே மொழியில் அதன் பெயரிலுள்ள சொல் 'சம்பண்ட்'. நம் 'சம்பந்தம்' வடமொழி வழி வந்தது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. பார்த்ததும் மனம் குளிர்ந்தது.) மற்றது மக்கள் கட்சி. அது தனியார் தொழிலையும் சந்தையையும் ஆதரிக்கிறது, ஆனால் டென்மார்க்கிலிருந்து பிரிய வேண்டும் என்கிறது. மூன்றையும் 'பழமைவாதம்' என்று எழுதிவிட்டால் யார் எதற்காக நிற்கிறார்கள் என்பதே தெரியாது.

என் வாதம் இங்கேதான் இருக்கிறது. 'பழமை' எதைக் காக்கிறது என்று சொல்லாது. பழையது என்று முத்திரை மட்டும் குத்தும். 'பேணு' வினைச்சொல், செயப்படுபொருள் கேட்கும் சொல். எதைப் பேணுகிறார்கள் என்று எழுதியே ஆக வேண்டும். ஒன்றியக் கட்சி ஒன்றியம் பேணும் கட்சி. மீஃப்லொக்குரின் சமயநெறி பேணும் கட்சி. வித்தியாசம் உடனே தெரிகிறது.

மீஃப்லொக்குரினுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. சமயப் பின்னணியைப் பாருங்கள்: அந்தத் தீவுகளில் லூத்தரன் திருச்சபைக்கு அடுத்தபடி செல்வாக்குள்ளது சகோதர சபை (பிரெதரன் என்ற கிறித்தவப் பிரிவு). 1865இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் ஸ்லோன் என்ற ஊழியர் விதைத்தது. அப்புறம் கருக்கலைப்புச் சட்டத்தையே பாருங்கள். 1956ஆம் ஆண்டின் டேனியச் சட்டம் டென்மார்க்கில் 1973இல் தளர்ந்துவிட்டது, பரோயேயில் மட்டும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. தாய்நாடு கைவிட்டதைத் தீவு வைத்துக்கொண்டது. இதைப் 'பேணல்' என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அவர்கள் நிலைப்பாடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கலைச்சொல் அதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே மாதிரி எடுத்து ஆளக்கூடியதாக இருக்க வேண்டும். தன்னைப் 'பழமைவாதி' என்று சொல்லிக்கொள்ள அந்தக் கட்சியின் வாக்காளர் முன்வருவாரா?

> 'பெண்ணியம்' போல 'பேணியம்' என்றால் என்ன?

அழகாக இருக்கிறது, நானும் முதலில் அதைத்தான் குறித்து வைத்தேன். ஆனால் யாழ்ப்பாண நண்பர் தனிமடலில் சொன்னார்: அவர்கள் ஊரில் பேணி என்றால் தண்ணீர் குடிக்கும் ஏனம். மூக்குப்பேணி எல்லா வீட்டிலும் புழங்கியது. 'பேணியர்' என்றால் அவருக்கு ஏனம்தான் நினைவுக்கு வருமாம். அவர் சொல்வதை மதிக்க வேண்டும், ஏனென்றால் சொல் எல்லா ஊருக்கும் பொது.

ஆகவே என் முன்மொழிவு: கொள்கைக்குப் 'பேணல்நெறி'. கட்சியைச் சொல்லும்போது முன்னால் பொருளைச் சேர்த்து 'ஒன்றியம் பேணும்', 'சமயநெறி பேணும்' என்று எழுதலாம். 'பழமைவாதம்' அடியோடு போக வேண்டியதில்லை; பழையது என்பதற்காகவே ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் மனப்போக்குக்கு அது சரியான சொல்.

ஆளைக் குறிக்க இன்னும் சொல் அமையவில்லை. 'பேணுநர்' என்றால் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் போல ஒலிக்கிறது. 'பேணல்நெறியாளர்' நீளம். வேறு தோன்றினால் எழுதுங்கள், கட்டுரையில் அந்த ஓரிடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்