போலோவில் புது ஸ்டீரியோ: நீல வயரை எங்கே கொடுப்பது? எஃப்எம் ஒரே இரைச்சல்

பள்ளிக்கரணைக்காரன்:

வணக்கம். என்னுடையது 2014 ஃபோக்ஸ்வாகன் போலோ கார். கம்பெனி செட்டின் டிஸ்ப்ளே மங்கிப்போனதால் மூன்று வாரத்துக்கு முன் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டினேன். மேப், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அருமை. ரேடியோ மட்டும் படுத்துவிட்டது.

பழைய செட்டில் மறைமலைநகர் தாண்டியும் 98.3 சுத்தமாகக் கேட்கும். இப்போது மேடவாக்கம் வருவதற்குள்ளேயே இரைச்சல். மேம்பாலத்துக்குக் கீழே போனால் வெறும் 'ஸ்ஸ்ஸ்'தான்.

எனக்கென்றால் பரவாயில்லை, போனிலேயே பாட்டு கேட்டுக்கொள்வேன். பிரச்சினை அப்பா. மாதம் ஒரு தடவை அவரை மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊருக்கு அழைத்துப் போவேன். "நீயே போட்டு நீயே கேக்கறதுல என்னடா இருக்கு? அடுத்த பாட்டு என்னன்னு தெரியாம கேக்கணும்" என்பது அவர் கட்சி. செட் மாற்றியதிலிருந்து வண்டியில் ஏறும்போதெல்லாம் "உன் டிவி நல்லா இருக்கா?" என்று விசாரிக்கிறார்.

கடையில் கேட்டால், "சிக்னல் வீக் சார், எல்லா வண்டியிலும் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். நேற்று ராத்திரி நானே செட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். பின்னால் இரண்டு வயர்கள் எங்கேயும் சேராமல், நுனியில் டேப் சுற்றிக் கிடக்கின்றன. ஒன்று முழு நீலம், 'ஆன்ட் கன்ட்' (ஆன்டெனா கன்ட்ரோல்) என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. இன்னொன்று நீலத்தில் வெள்ளைக் கோடு, 'ஆம்ப் கன்ட்' (ஆம்ப்ளிஃபையர் கன்ட்ரோல்). வண்டியின் ஆன்டெனா கேபிள் ஒரு குட்டி அடாப்டர் வழியாக செட்டுக்குள் போகிறது. அந்த அடாப்டரில் தனி வயர் எதுவும் இல்லை.

சிக்னலைப் பெருக்கும் ஆன்டெனா பூஸ்டருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும் என்று படித்தேன். ஆனால் என் வண்டியில் பூஸ்டருக்கென்று ஒரு வயரே கண்ணில் படவில்லையே! பேசாமல் நிரந்தரமாகக் கரண்ட் இருக்கும் மஞ்சள் வயரில் சேர்த்துவிடலாமா? சேர்ப்பதென்றால் எதை?

ஓஎம்ஆர் ஓட்டுநர்:

ரொம்ப யோசிக்காதீர்கள் நண்பரே. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்ன டப்பா பூஸ்டர் கிடைக்கும். ஆன்டெனா கேபிளுக்கும் செட்டுக்கும் நடுவில் சொருகி, அதன் சிவப்பு வயரை ஏசிசியில் (சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் வயர்) கொடுத்தால் வேலை முடிந்தது. என் பழைய ஆல்டோவில் போட்டிருந்தேன், நன்றாகவே இருந்தது.

வால்வு ரேடியோ:

தம்பி, அந்த டப்பாவை வாங்காதீங்க. உங்கள் வண்டியில் பூஸ்டர் ஏற்கெனவே இருக்கிறது. அது பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான்.

நூறு மெகாஹெர்ட்ஸ் பக்கம் கால் அலைநீளம் என்றால் முக்கால் மீட்டர். பழைய அம்பாசடர் ஆன்டெனா நீண்டு நின்றது அதனால்தான். உங்கள் போலோவின் கூரையில் இருப்பது குட்டைக் குச்சி. அது பிடிக்கிற சிக்னல் கொஞ்சம். ஆகவே குச்சிக்கு அடியிலேயே, கூரைக்குள், ஒரு ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கரண்ட் போகாவிட்டால் அது சும்மா ஒதுங்கி நிற்காது. சிக்னல் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்பதால் வழியையே அடைத்துக்கொள்ளும். பூஸ்டரே இல்லாத வண்டியைவிட உங்கள் வண்டி மோசமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தனி வயர் ஏன் கண்ணில் படவில்லை என்றால், இந்த வண்டியில் 12 வோல்ட் போவதே ஆன்டெனா கேபிளின் நடுக்கம்பி வழியாகத்தான். சிக்னல் கீழே இறங்கும் அதே கம்பியில் கரண்ட் மேலே ஏறும். ஃபேன்டம் பவர் என்பார்கள். கம்பெனி செட் அதை உள்ளிருந்தே கொடுத்தது. கடையில் வாங்கும் செட்கள் பெரும்பாலும் கொடுக்காது, ஒரு நீல வயரை வெளியே நீட்டிவிட்டு நின்றுவிடும்.

நீங்கள் வாங்க வேண்டியது ஃபேன்டம் பவர் அடாப்டர். ஒரு முனையில் சதுரமான ஃபாக்ரா பிளக், மறுமுனையில் செட்டுக்குள் போகும் சாதாரண ஆன்டெனா பின், நடுவிலிருந்து ஒரு நீல வயர். கடைக்காரர் மாட்டியிருப்பது பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும், அந்த வயர் மட்டும் இருக்காது. வயர் உள்ள அடாப்டருக்குள் ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) கெபாசிட்டரும் உண்டு. காயில் கரண்டை மேலே அனுப்பும், கெபாசிட்டர் அது செட்டுக்குள் நுழையாமல் தடுக்கும். இரண்டு வகை அடாப்டரையும் கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

அடாப்டரின் நீல வயரை செட்டின் முழு நீல வயரோடு சேருங்கள். நடுவில் அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள், அதிகம் போனால் ஒரு ஆம்பியர். கூரையில் எங்காவது கேபிள் நசுங்கி நடுக்கம்பி எர்த் ஆகியிருந்தால் ஃபியூஸ் போகும், செட் தப்பிக்கும். வேலை தொடங்குவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

மஞ்சள் வயர் வேண்டவே வேண்டாம். அது வண்டி நிற்கும்போதும் உயிரோடு இருக்கும். பூஸ்டர் 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, ஒரு மாதத்துக்கு 36. பத்து நாள் பூட்டிவைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி முனகும்.

ஓஎம்ஆர் நண்பருக்கு: ஆல்டோவில் அது சரி, மேலே வேறு பூஸ்டர் இல்லை. இங்கே பட்டினி கிடக்கும் பூஸ்டருக்குக் கீழே இன்னொன்றை வைத்தால் இரைச்சலைத்தான் பெரிதாக்கித் தரும். மேலேயும் கரண்ட் கொடுத்து கீழேயும் ஒன்று வைத்தால், ஊருக்குள் சிக்னல் பலமான இடத்தில் ஒரு ஸ்டேஷன் இன்னொன்றின் மேல் ஏறி உட்காரும்.

(1977இல் இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு தொடங்கியது நம்ம மெட்ராஸில். அந்த ஊரில் எஃப்எம் எடுக்கவில்லை என்று ஒரு கடைக்காரர் சொன்னால் கோபம் வராதா?)

வேளச்சேரி ஸ்கோடா:

வால்வு சார் சொன்னது நூற்றுக்கு நூறு. என் ஃபேபியாவிலும் இதே கதை.

ஒரு சின்ன விஷயம். நீல வயரில் உண்மையிலேயே 12 வோல்ட் வருகிறதா என்று சேர்ப்பதற்கு முன் மல்டிமீட்டரில் பாருங்கள். சில செட்களில் முழு நீலம் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் உயிர் பெறும், வெள்ளைக் கோடு போட்டது செட் ஆனில் இருக்கும் வரை இருக்கும். நான் ப்ளூடூத் ஓடும்போது மீட்டரை வைத்துவிட்டு "வயர் செத்துவிட்டது" என்று அரை நாள் புலம்பினேன்.

அப்புறம், செட்டிங்ஸில் ரேடியோ ரீஜன் என்று ஒன்று இருக்கும். அமெரிக்கா என்று இருந்தால் 0.2 வீதம் தாவும். 98.3, 93.5 எல்லாம் கிடைக்கும், 106.4 போல இரட்டை எண்ணில் முடிபவை சிக்கவே சிக்காது. அதற்கும் ஆன்டெனாவுக்கும் சம்பந்தமில்லை.

பள்ளிக்கரணைக்காரன்:

சனிக்கிழமை வேலை முடிந்தது. அடாப்டருக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் இரண்டிலும் வயர் இல்லாததையே எடுத்து நீட்டி, "இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார்" என்றார்கள்.

ரேடியோவை ஓடவிட்டு நீல வயரைப் பார்த்தேன், 12.3 வோல்ட். சேர்த்த பிறகு ஃபாக்ரா பிளக்கின் நடு பின்னில் மீட்டரை வைத்தேன், அங்கேயும் 12க்கு மேல். சொருகினேன். சேனல் தேடலில் முன்பு நான்கு ஸ்டேஷன் கிடைத்தது, இப்போது டிஸ்ப்ளேயில் ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் போகிறது. ரீஜனும் அமெரிக்காவில்தான் இருந்தது! மாற்றிவிட்டேன்.

நேற்று அப்பாவோடு ஊருக்குப் போனேன். செங்கல்பட்டு பாலாற்றுப் பாலம் வரை விடாமல் பாடியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சீட்டைச் சாய்த்துக்கொண்டார். திரும்பி வரும்போது மட்டும், "720ல நம்ம சென்னை வானொலி வைடா" என்றார். மீடியம் வேவுக்கு மாற்றி வைத்தேன். கொய்ங் என்று ஒரு ஊளை. இது எதனால்?

வால்வு ரேடியோ:

டேஷ்கேம் இருக்கிறதா? லைட்டர் சாக்கெட்டில் மலிவு சார்ஜர் ஏதாவது? முதலில் அதைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். மீடியம் வேவுக்கு அந்த சார்ஜர்களைப் போல எதிரி கிடையாது.

பள்ளிக்கரணைக்காரன்:

டேஷ்கேம் சார்ஜரேதான். பிடுங்கியதும் ஊளை நின்றுவிட்டது. இப்போது கேமராவா, அப்பாவா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.