21 நாளுக்கு ஒரு ஊசி: ருமாட்டிக் காய்ச்சல் அனுபவங்கள்

வைகைக்கரை எழுதியது:

ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க 21 நாளுக்கு ஒரு முறை பெனிடியூர் என்ற பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், பிள்ளைகளுக்குப் போட்டுவரும் பெற்றோர் எல்லாரும் இங்கே எழுதுங்கள். ஊசியைப் பாதியில் விட்டுவிட்டு, பல வருடம் கழித்து மூச்சிரைப்போடு வருகிறவர்களை எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கப் போகும்போதெல்லாம் வரிசையில் பார்க்கிறேன். அதிலும் பெண்கள்தான் அதிகம். மனசு கேட்காமல்தான் இதைத் தொடங்குகிறேன்.

எனக்கு ஆறாம் வகுப்பில் வந்தது. முதலில் வலது முழங்கால் வீங்கியது, போர்வை பட்டாலே உயிர் போகும் வலி. இரண்டு நாளில் அது தானாக வடிந்து, இடது கணுக்கால் பிடித்துக்கொண்டது. அப்புறம் மணிக்கட்டு. வலி இடம் மாறியதால் வீட்டில் வாயு என்றார்கள், பூண்டு வதக்கிக் கொடுத்தார்கள். இப்படி மூட்டுக்கு மூட்டு தாவுவதுதான் இந்தக் காய்ச்சலின் அடையாளம் என்று டாக்டர் சொன்னார். இரண்டு மூன்று வாரம் முன்னால் தொண்டை வலி இருந்ததா என்று கேட்டார். அம்மா யோசித்துத்தான் சொன்னார்: இருந்தது, உப்புத் தண்ணீர் கொப்பளித்துச் சரியாகிவிட்டது.

தொண்டையில் வந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, இதய வால்வையும் எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. மூட்டு சுவடு தெரியாமல் ஆறிவிட்டது, இதயத்தின் இடது பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வு மட்டும் தடித்துப்போனது. இன்னொரு முறை அந்தக் கிருமி தொண்டைக்கு வந்தால் வால்வு இன்னும் கெடும். அதைத் தடுக்கத்தான் 12 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின். இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது 10 வருடம், சிலருக்கு ஆயுள் முழுக்க.

கல்யாணம் ஆனதும் 'இன்னுமா ஊசி?' என்று கேட்டவர்கள் உண்டு. என் வீட்டுக்காரர் டாக்டர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டவர் என்பதால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. கர்ப்ப காலத்தில் ரத்த ஓட்டம் கூடும், சுருங்கிய வால்வால் அதைத் தாங்க முடியாது. நிறையப் பெண்களுக்கு நோய் இருப்பதே அப்போதுதான் தெரியவருகிறது.

ஆய்வகத் தோழி எழுதியது:

நான் மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிறேன். வைகைக்கரை சொன்ன கிருமியைத் தினமும் பார்க்கிறவள். ஆட்டு ரத்தம் கலந்த அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் சளியைத் தேய்த்து ஒரு ராத்திரி இன்குபேட்டரில் வைத்து, காலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தச் சிவப்பே இல்லாமல் கண்ணாடி மாதிரி தெளிந்த வளையம். கிருமி சின்னது, அது கரைத்த இடம் பெரியது. இந்த வகைக் கிருமிகளை ஏ, பி, சி என்று 1933இல் பிரித்துக் காட்டியவர் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட். இன்றைக்கும் அவர் பிரித்த முறையில்தான் ரிப்போர்ட் எழுதுகிறோம். ஏ பிரிவுதான் ருமாட்டிக் காய்ச்சலுக்குக் காரணம்.

பெற்றோருக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பை ரத்தத்தில் அளக்கும் ஏஎஸ்ஓ டெஸ்டில் 200க்கு மேல் வந்துவிட்டது என்று அழுதுகொண்டே வருகிறார்கள். அந்த எண் கூடியிருந்தால், கிருமி சமீபத்தில் வந்துபோயிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அது கூடுதலாக இருப்பது சகஜம். மூட்டு வீக்கம், இதயத்தில் சத்தம், கை கால் தானாகத் துள்ளுவது என்று வேறு அறிகுறிகள் இல்லாமல், அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து வருடக்கணக்கில் ஊசி போடுவது அநியாயம். இதய டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

தடுப்பூசி ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். இந்தக் கிருமியின் மேலே இருக்கும் எம் புரதத்தில் 200க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. நம் பக்கம் ஒரே ஊரிலேயே பல வகை சுற்றுகிறது. 1960களில் அமெரிக்காவில் சோதனைத் தடுப்பூசி போட்ட குழந்தைகளில் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலே வந்துவிட்டது. அந்தப் பயத்தில் ஆராய்ச்சி பல வருடம் முடங்கிக் கிடந்தது. இப்போது திரும்பவும் சூடுபிடித்திருக்கிறது. அதுவரை நமக்குத் துணை பெனிசிலின்தான். இத்தனை வருடப் புழக்கத்துக்கு அப்புறமும் அது இந்தக் கிருமியைக் கொல்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

செம்பருத்தி எழுதியது:

என் மகனுக்கு இதயம் தப்பியது, சிறுநீரகத்துக்கு வந்தது. விரலிடுக்கில் சொறி, சொறிந்து சொறிந்து சீழ் வைத்த சிரங்கு. கோடை விடுமுறைதானே, வேப்பிலை அரைத்துப் போட்டேன். சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் முகம் உப்பி, கண் திறக்க முடியவில்லை. சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனது. ரத்த அழுத்தமும் எகிறியிருந்தது. தோலில் இருந்த அதே ஏ பிரிவுக் கிருமியால் வந்த நெஃப்ரைடிஸ் (சிறுநீரக அழற்சி) என்றார்கள். உப்பைக் குறைத்து, சிறுநீரை அளந்து அளந்து எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டோம். இப்போது நன்றாக இருக்கிறான். குழந்தைகளில் பெரும்பாலோர் இதிலிருந்து முழுசாக மீண்டுவிடுவார்களாம், 21 நாள் ஊசியும் தேவையில்லையாம். சொறிக்கான களிம்பை வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூசவேண்டும் என்று அந்த டாக்டரம்மாதான் சொல்லிக்கொடுத்தார்.

முல்லைக்கொடி எழுதியது:

என் பெண்ணுக்கு 9 வயது. போன மாசம்தான் ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். ஊசி நாள் என்றாலே முதல் நாள் ராத்திரியிலிருந்து அழுகை. வைகைக்கரை அக்கா, ஏதாவது வழி சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

கண்ணு, அந்த மருந்து கெட்டியானது, அதனால்தான் அவ்வளவு வலி. கலக்கிய மருந்துக் குப்பியை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்து, குளிர்ச்சி போனதும் போடச் சொல்லுங்கள். மெதுவாக, இரண்டு மூன்று நிமிஷம் எடுத்துச் செலுத்தினால் வலி குறையும். வேகமாகத் தள்ளினால்தான் பிள்ளை நொண்டிக்கொண்டு வரும். மரத்துப்போகும் மருந்து சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சில இடங்களில் சேர்க்கிறார்கள். வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீர்கள், படுக்கவைத்துப் போடச் சொல்லுங்கள், போட்டதும் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். வால்வு ரொம்பக் கெட்டுப்போனவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுப்பதும் உண்டு, அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

முல்லைக்கொடி எழுதியது:

நன்றி அக்கா. அடுத்த ஊசி நாளில் அவளுக்குப் பரீட்சை. இரண்டு நாள் தள்ளிப் போடலாமா?

வைகைக்கரை எழுதியது:

தள்ளாதீர்கள். இரண்டு நாள் முன்னாடியே போட்டுவிடுங்கள், டாக்டரிடம் ஒரு போன் செய்து சொல்லிவிட்டு. அதற்கடுத்த ஊசியை அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள்.