கசாயம் குடிப்பதை நோயாளிகள் நம்மிடம் ஏன் மறைக்கிறார்கள்?

கேள்வி: எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு, சென்னை

போன வாரம் மெடிசின் போஸ்டிங். ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், பிபி அதிகம், கால் வீக்கம், பொட்டாசியம் மட்டும் ரொம்பக் கம்மி. வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்றதற்கு இல்லை என்றார். மறுநாள் மகள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார், தொண்டைக்கட்டுக்கு இரண்டு மாதமாகத் தினமும் அதிமதுரக் கசாயம் என்று. அதிமதுரம் மிஞ்சினால் உடம்பில் உப்பு தேங்கி பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும் என்று எல்லோரும் படித்ததுதான். என்னை உறுத்துவது அதுவல்ல. ஏன்மா சொல்லவில்லை என்றேன். "பக்கத்துக் கட்டில்காரர் சித்த மருந்துன்னதும் நீங்க எல்லாரும் சிரிச்சீங்களே கண்ணு" என்றார். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

என் பேட்ச்சில் பாதிப் பேருக்குச் சித்தா என்றாலே ஏமாற்று வேலை. மீதிப் பேர் வீட்டில் காய்ச்சலுக்கு நிலவேம்பு குடித்து வளர்ந்தவர்கள், வார்டில் வாயே திறக்க மாட்டார்கள். உங்கள் காலேஜில் எப்படி?

பதில் 1: ஹவுஸ் சர்ஜன்

எங்களிடமும் இதேதான் தங்கச்சி. நம்புகிறாயா இல்லையா என்று கட்சி பிரிப்பதுதான் தப்பு என்று எனக்குப் படுகிறது. மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கும் கீழாநெல்லியை எடுத்துக்கொள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்குடன் சேர்ந்து 1988ல் லான்செட்டில் எழுதினார். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் ஆன்டிஜன், அதாவது அது இருப்பதைக் காட்டும் புரதம், மறைந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனால் சிரித்து ஒதுக்காமல் சோதித்துப் பார்த்ததால்தானே அது தெரிந்தது?

பதில் 2: பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவப் படிப்பு) இறுதி ஆண்டு, அரும்பாக்கம்

எங்கள் ஓபியில் இது தலைகீழாக நடக்கும். இன்சுலின் போடுபவர் எங்களிடம் அதைச் சொல்ல மாட்டார், "இங்கிலீஷ் மருந்து எடுத்தா திட்டுவீங்க" என்பார். சூரணம் தொடங்கியதும் ஊசியை அவரே நிறுத்திவிட்டு, சர்க்கரை ஏறித் திரும்ப வருவார். இதற்கு எங்கள் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. இன்னொன்று, நாட்டு மருந்துக் கடையில் வாங்குவதெல்லாம் சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்தது இல்லை. பற்பம், செந்தூரம் (உலோகம், தாதுக்களைப் புடம் போட்டுச் செய்யும் பொடிகள்) என்று யாராவது சொன்னால் எங்கே வாங்கினார், எத்தனை நாளாக என்று கண்டிப்பாகக் கேளுங்கள். பாதரசம், ஈயம் சேர்ந்தவை உண்டு, சரியாகச் செய்யாவிட்டால் கிட்னி போய்விடும். எங்களில் சிலருக்கு இதைப் பேசினாலே கோபம் வருகிறது, பேசித்தான் ஆகவேண்டும்.

பதில் 3: பி.எஸ்சி. நர்சிங்

"வேறு மருந்து" என்று கேட்டால் கசாயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது மருந்தே இல்லை. நான் "வீட்டுல கைவைத்தியம் என்ன பண்ணீங்கம்மா, பொடி, லேகியம் ஏதாவது?" என்று கேட்பேன், அதுவும் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடிந்து போன பிறகு. கடைப் பொட்டலத்தையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி அக்கா. இன்று காலை அப்படியே கேட்டேன், ஒரு தாத்தா தலையணைக்கு அடியிலிருந்து பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சிவப்புப் பொடி, மேலே பெயர் எதுவும் இல்லை. யூனிட்டில் சொல்லிவிட்டேன். அரும்பாக்கம் அண்ணா, படம் அனுப்புகிறேன், என்னவாக இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறீர்களா?