மறுமொழி: கிட்டாரின் ‘நெக் செட்’டுக்குத் தமிழில் என்ன?

> ‘நெக் ஜாயின்ட்’டைக் கழுத்து இணைப்பு என்றோம். ‘நெக் செட்’டும் அதுதானே? தனிச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. இணைப்பு ஓர் இடத்தின் பெயர். கிட்டார்ப் பட்டறையில் நெக் செட் என்று ஒரு வேலையைச் சொல்கிறார்கள்; அந்த வேலையால் கிடைக்கும் கோணத்தையும் அதே பேரில் சொல்லிவிடுகிறார்கள். நமக்கு இரண்டு சொல் வேண்டும் என்பது என் கட்சி. வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால் ஏன் என்று தெரியும்.

மார்ட்டின் பாணி இரும்புத்தந்தி கிட்டாரை எடுத்துக்கொள்வோம். மகோகனிக் கட்டையில் கழுத்தை அறுத்தெடுத்து, அதன் அடியில் உள்ள தடித்த பகுதியில் (இதற்குக் ‘குதி’ என்று முன்பே முடிவாகிவிட்டது) புறாவால் வடிவத்தில் ஒரு கழுந்து (பள்ளத்தில் செருகும் முளை) வெட்டுவார்கள். உடலுக்குள் இருக்கும் கட்டையில் அதற்கேற்ற பள்ளம். மேலிருந்து இறக்கினால் கழுத்து இறங்கி உட்கார வேண்டும். வெட்டியதும் யாருக்கும் உட்காராது. பள்ளத்தின் சுவரில் சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டுக் கழுத்தை இறக்கி எடுத்தால், முட்டுகிற இடத்தில் மட்டும் கழுந்தில் வெள்ளை ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் உளியால் ஒரு சீவு. மறுபடி சாக்கு, மறுபடி இறக்கு. பசை போடாமலே ஆடாமல் நிற்கும்வரை இதே கதைதான்.

இது பாதி. மீதிப் பாதிதான் கோணம். மெட்டுகளின் (கழுத்தின் குறுக்கே பதித்த ‘ஃபிரெட்’ கம்பிகள்) மேல் ஒரு நீள இரும்பு ஸ்கேலை வைத்தால் அதன் நுனி குதிரையின் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் ‘பிரிட்ஜ்’) மேல்முகத்தைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். தாழ்வாகப் போய்க் குதிரையில் முட்டினால், குதிக்கும் உடலுக்கும் நடுவே உப்புத்தாளைச் செருகிக் குதியின் அடியைத் தேய்த்து எடுப்பார்கள். கழுத்து பின்னால் சாயும். 645 மி.மீ. தந்தி நீளத்தில் 14ஆம் மெட்டில் உடலோடு சேரும் கழுத்து என்றால், அங்கிருந்து குதிரை வரை சுமார் 287 மி.மீ. குதி 95 மி.மீ. ஆழம் என்று வையுங்கள். அதன் அடியில் 1 மி.மீ. எடுத்தால் குதிரைப் பக்கம் ஸ்கேல் நுனி 3 மி.மீ. எழும்பும். கை கொஞ்சம் நீண்டால் கிட்டாரே வேறு ஆகிவிடும்.

ஆக, வேலைக்கு ‘கழுத்தை அமர்த்துதல்’, கோணத்துக்குப் ‘பின்சாய்வு’ என்பது என் முன்மொழிவு. வெறும் ‘சாய்வு’ போதாது, ஏனென்றால் தலைப்பலகைக்கும் ஒரு சாய்வு உண்டு. அது 15 டிகிரி அளவுக்குப் போகும். இதுவோ ஒன்று, ஒன்றரை டிகிரிதான். ‘பொருத்துதல்’ ஏன் வேண்டாம் என்றால், முறுக்காணியையும் பொருத்துகிறோம், பட்டைக் கொக்கியையும் பொருத்துகிறோம். ‘நிறுவுதல்’ கணினிக்காரர்களுக்குப் போய்விட்டது.

இன்னொரு லாபமும் இருக்கிறது. இரும்புத்தந்திகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ இழுவிசையோடு வருடக்கணக்கில் இழுக்கின்றன. மேற்பலகை குதிரைக்குப் பின்னால் உப்பும், கழுத்து மெல்ல முன்னால் வரும், தந்தி உயர்ந்து வாசிக்க முடியாமல் போகும். அப்போது 15ஆம் மெட்டைப் பிடுங்கி, அதன் காடியில் சின்னத் துளை போட்டு, புறாவால் பள்ளத்துக்குள் நீராவி விட்டுப் பசையை இளக்கிக் கழுத்தைக் கழற்றி, புதுப் பின்சாய்வில் திரும்ப வைப்பார்கள். ‘நெக் ரீசெட்’. இதை ‘மீளமர்த்தல்’ என்று சொல்லிவிடலாம். ‘கழுத்து மறுஇணைப்பு’ என்றால் ஏதோ ஆஸ்பத்திரி விவகாரம் மாதிரி இருக்கிறது.

டெய்லர் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த போல்ட் கழுத்துக்கும் இது பொருந்தும். அங்கே ஆப்பு மாதிரித் தகடுகளை மாற்றினாலே பின்சாய்வு மாறிவிடும். ஸ்பானிய முறையில் கழுத்தை மேற்பலகையோடு முதலிலேயே ஒட்டிவிட்டு, குதியின் இரு பக்கமும் வெட்டிய காடியில் பக்கப்பலகைகளைச் செருகுவார்கள். அங்கே அமர்த்துவது என்ற தனி வேலையே கிடையாது, இணைப்பு மட்டும்தான் உண்டு. இரண்டு சொல்லும் இருந்தால்தான் இந்த வித்தியாசத்தைத் தமிழில் எழுத முடியும்.

> வீணைக்குத் ‘தண்டி’ இருக்கும்போது கிட்டாருக்குக் ‘கழுத்து’ எதற்கு?

வீணையிலிருந்து மெட்டையும் குதிரையையும் எடுத்தாயிற்று, தயக்கமே இல்லை. குதிரை வந்ததால் அதன்மேல் தந்தி படியும் ‘சாடில்’ தானாகச் சேணம் ஆனது, அது அதிர்ஷ்டம். ஆனால் தண்டி உள்ளே குடைந்தது, மேலே மெழுகில் மெட்டு நிற்பது. கிட்டார்க் கழுத்து கெட்டிக்கட்டை. கட்டைவிரல் பின்னால் அணைத்துப் பிடிக்கத் தோதாக அதன் முதுகைச் செதுக்குவதுதான் பாதி வேலை. ஏகாந்த வீணையில் குடமும் தண்டியும் ஒரே பலாமரம், இணைப்பு என்ற பேச்சே இல்லை. தண்டி வீணைக்கே இருக்கட்டும்.

* * *

> ‘அமர்த்துதல்’ என்றால் ஆளை வேலைக்கு வைப்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘இருத்துதல்’ என்றால் என்ன?

நல்ல சொல்தான் அம்மா. ஆனால் இருத்துதலில் சும்மா வைத்துவிட்டுப் போகிற சாயல் இருக்கிறது. இங்கே அழுத்தி, சரிபார்த்து, அசையாமல் உட்காரவைக்கிற வேலை. ‘கழுத்தை அமர்த்தினான்’ என்று படிப்பவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்.

> பின்சாய்வு, மீளமர்த்தல் இரண்டுக்கும் என் ஆதரவு. அப்படியே கழுத்துக்குள் ஓடும் ‘ட்ரஸ் ராட்’ கம்பிக்கும் ஒன்று சொல்லுங்கள்.

‘கட்டுக்கம்பி’ மட்டும் வேண்டாம், அது கொத்தனார் கையில் இருக்கிறது. ‘முறுக்குக்கம்பி’யும் அப்படியே. தந்தி இழுத்து வளைக்கும் கழுத்தை நிமிர்த்துவதால் நான் ‘நிமிர்கம்பி’ என்பேன். ஆனால் இருபுறமும் வளைக்கும் கம்பி இப்போது நிறையப் புழக்கத்தில் இருப்பதால் அதற்கு எதிர்ப்பு வரும். தனி இழையில் பேசுவோம்.